பத்துக் கூடை வண்டலும் ஒரு வாளி சோப்பும்

சோணையம்மாளின் வாய் எப்போதும் அவளுக்குப் பத்தடி முன்னால் போகும். அவள் பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் அது யாருக்காவது ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கும். மகள் சேதுலட்சுமிக்குப் பூ வைத்த அன்றும் அப்படித்தான் ஆனது.

மாப்பிள்ளை வீட்டார் சிவகங்கைப் பக்கம். நல்ல தண்ணீர்க்காரர்கள். சம்பந்தி பஞ்சம்மாள் சாப்பிட்டு முடித்துக் கிணற்றடிக்குப் போனாள். கடையில் வாங்கிய புதுச் சோப்பைப் பிரித்துக் கொடுத்தார்கள். அவளும் தேய்த்தாள், தேய்த்தாள், கை சிவக்கத் தேய்த்தாள். ராமநாதபுரம் பக்கம் சிக்கலுக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊர்க் கிணற்றில் எந்தச் சோப்புக்கும் நுரை வந்ததில்லை. திரிந்த பால் மாதிரி வெள்ளையாகக் கையில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

"ஆத்தாடி, நீங்கல்லாம் எப்படித்தான் குளிச்சுக் கட்டுறீகளோ!" என்றாள் பஞ்சம்மாள். அவள் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் கூட வந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். சேதுலட்சுமி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சோணையம்மாளுக்குச் சுருக்கென்றது. "கல்யாணத்துக்கு வாங்க சம்பந்தி. இதே கிணத்துத் தண்ணியில குப்புக்குப்புன்னு நொரைக்கிற சோப்பு, எங்கையால செஞ்சு, வார சனத்துக்கெல்லாம் தாம்பூலப் பையில போட்டுத் தாரேன்" என்றாள்.

வெறும் வீம்பு என்று சொல்லிவிட முடியாது. அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். மகளிர் குழு சார்பில் ராமநாதபுரத்தில் பத்து நாள் பயிற்சிக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருந்தாள். ஐந்து நாள் மெழுகுவர்த்தி, ஐந்து நாள் சோப்பு. தேவிபட்டினத்துக் காலிதா டீச்சர்தான் சொல்லிக் கொடுத்தவர். தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும், கப்பல்காரர்கள்கூட அதைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று அவர் சொன்னது சோணையம்மாள் மனதில் பசுமரத்தாணியாக இறங்கியிருந்தது.

மெழுகுவர்த்தி, பயிற்சி முடிந்து வந்த மறுநாளே கை கொடுத்தது. அந்த வருஷம் சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்ட் போனால் எட்டுக்குத்தான் வரும். அவள் ஊற்றிய வத்தி புகையாமல், ஒழுகாமல் நின்று எரிந்தது. அவள் புருஷன் வீரபத்திரன் அதன் வெளிச்சத்தில் பேப்பரை விளம்பரம்வரை படித்துவிட்டு, "பரவால்ல" என்றான். அவன் வாயில் அதற்குமேல் பெரிய பாராட்டு கிடையாது.

சோப்புதான் காலை வாரிவிட்டது. பங்குனியில் நாலு கிலோ எண்ணெய் வாங்கி, டீச்சர் சொன்ன அளவுக்குக் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, எண்ணெயில் ஊற்றிக் கலக்கினாள். கலக்கும்போதே அது கட்டி கட்டியாகத் திரண்டது. மறுநாள் வெட்டினால் புட்டு மாதிரி உதிர்ந்தது. உதிர்ந்ததை எடுத்துக் கையில் தேய்த்துப் பார்த்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை.

டீச்சருக்குப் போன் போட்டாள்.

"என்ன தண்ணி ஊத்துனீங்க?" என்றார் காலிதா.

"கிணத்துத் தண்ணிதான் டீச்சர்."

"யா அல்லாஹ்! செஞ்சு காஞ்ச பெறகுதாம்மா உப்புத் தண்ணியத் தாங்கும். செய்யும்போது உப்பு ஆகவே ஆகாது. ஊருணித் தண்ணி இல்லையா ஒங்க ஊர்ல?"

ஊருணி இருந்தது. அதில் தண்ணீரும் இருந்தது. அதுதான் சோணையம்மாளின் தலைவலியே.

எங்கள் பக்கத்தில் ஊருணி என்றால் குடிக்கவும் சோறாக்கவும் மட்டும்தான். அதன் கரையில் செருப்போடு ஏற முடியாது, துணி நனைக்க முடியாது, கால் கழுவ முடியாது. காவலுக்குக் கூத்தையா என்று ஒருவர். மழை பெய்தாலும் அந்தத் தண்ணீர் சுத்தமான தண்ணீர்தானா என்று சந்தேகத்தோடு பார்க்கிற ஆள். இதெல்லாம் காலங்காலமாக உள்ள ஏற்பாடு. ஆனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் அதை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கியது சோணையம்மாளேதான்.

அன்றைக்கு அவள் குடத்தோடு போனபோது, படியில் ஒருத்தி சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். வேறு யாருமில்லை, வீரபத்திரனின் அக்கா இருளம்மாள். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். மதினியாயிற்றே என்று சோணையம்மாள் யோசித்திருக்கலாம். வாய்தான் முன்னால் போய்விட்டதே! அவள் போட்ட சத்தத்தில் ஊர் கூடிவிட்டது. வழக்கப்படி பத்துக் கூடை வண்டல் அள்ளிக் கரையில் கொட்ட வேண்டும் என்று இருளம்மாளுக்குத் தீர்ப்பு. அதோடு விட்டாளா சோணையம்மாள்? "கரையில மட்டுமில்ல, ஊருக்குள்ள எந்த வீட்டுலயும் ஊருணித் தண்ணியும் சோப்பும் ஒண்ணாச் சேரக் கூடாது" என்று கூட்டத்தில் எழுந்து நின்று பேசி, அதையும் சட்டமாக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

இருளம்மாள் உச்சி வெயிலில் பத்துக் கூடையையும் சுமந்து கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து தம்பியோடு பேசுவாள், மருமகள் சேதுலட்சுமியோடு கொஞ்சுவாள். சோணையம்மாள் எதிரே வந்தால் அவளுக்குத் தெருவில் யாருமே வராத மாதிரி இருக்கும்.

"வீட்டுப் பானையில ஊருணித் தண்ணி இருக்குல்ல, அதுல ஒரு சொம்பு எடுத்தா எவனுக்குத் தெரியும்?" என்றான் வீரபத்திரன்.

"எனக்குத் தெரியும்ல?" என்று சீறினாள் சோணையம்மாள்.

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ரோட்டோரக் கடை ஒன்றில் கேன் தண்ணீர் வாங்கி வந்தான். சோணையம்மாள் ஏமாறுகிறவளா? முதலில் அதில் ஒரு பிடி துவரம்பருப்பை வேகவைத்தாள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது எங்கள் ஊரில் பிள்ளைக்கும் தெரியும். முக்கால் மணி நேரம் கொதித்தும் பருப்பு சரளைக்கல்லாக அப்படியே கிடந்தது. கேன்காரன் எந்தப் போர்க்கிணற்றில் பிடித்தானோ!

வேறு வழியில்லாமல் கூத்தையாவிடம் போனாள்.

"அண்ணே, ஒரு குடந்தான். கூடுதலா வேணும்."

"எதுக்குத்தா?"

பொய் சொல்லலாம். அவளுக்கு வாய் முந்துமே தவிர, பொய் முந்தாது. "சோப்புக் காய்ச்ச" என்றாள்.

கூத்தையா துண்டை உதறித் தோளில் போட்டார். "சட்டம் யாரு போட்டது?"

"ஊரு போட்டது."

"ஊரு பாதி போட்டுச்சு. மீதிப் பாதிய நீ எந்திரிச்சு நின்னு போட்ட. நான் இந்தா, இந்த எடத்துலதான் நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்."

வெறுங்குடத்தோடு திரும்பினாள். கல்யாணத்துக்கு முப்பத்திரண்டு நாள்தான் இருந்தது. சோப்பு செய்தபின் ஒரு மாதம் காய வேண்டும். இன்றோ நாளையோ ஊற்றினால் உண்டு. இல்லாவிட்டால், பஞ்சம்மாள் மறுபடியும் அந்தக் கிணற்றடியில் கை தேய்ப்பாள், சிவகங்கைப் பெண்கள் மறுபடியும் சிரிப்பார்கள், அதை மணவறையிலிருந்து சேதுலட்சுமி கேட்பாள்.

வீட்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். கூரையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் இறங்கி வந்து, தரைக்கு மூன்றடி மேலே அந்தரத்தில் முடிந்திருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால், வீட்டுக்கு வீடு மழைநீர் சேமிக்க வேண்டும் என்று அதிகாரிகள் வந்தபோது, ஊரே இப்படி ஆளுக்கொரு குழாயைச் சுவரில் கட்டிக் காட்டிவிட்டுக் கடமையை முடித்துக்கொண்டது. உள்ளபடியே தொட்டி கட்டி, மூடி போட்டு, மழைத் தண்ணீரைப் பிடித்து வருஷம் முழுக்கப் பருப்புக்கும் காப்பிக்கும் அளந்து செலவழிக்கிற வீடு ஊரில் ஒன்றே ஒன்றுதான். அது இருளம்மாள் வீடு. மழைத் தண்ணீர் ஊருணித் தண்ணீர் ஆகாது. அதற்குச் சட்டம் கிடையாது. அதைக் கேட்க முகம்தான் வேண்டும்.

ஆறு மணிக்குக் கரண்ட் போனது. சோணையம்மாள் கொட்டாங்கச்சியில் ஒரு மெழுகுவர்த்தியை ஒட்டிக் கொளுத்தி, இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு கிளம்பினாள். காற்றுக்கு மறைப்பாகச் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று தெருவைத் தாண்டுவதற்குள் நாலு முறை திரும்பிவிடலாமா என்று தோன்றியது.

இருளம்மாள் சாமி விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் ஆடு அடைக்கப் போயிருந்தார்.

"யாரது?"

"நாந்தான் மதினி. சோணை."

"தெரு மாறி வந்துட்டியோ?"

"இல்ல மதினி. மழைத் தண்ணி ஒரு குடம் வேணும். சோப்புக் காய்ச்ச. சேது கல்யாணத்துக்கு." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சம்பந்தி கை தேய்த்ததிலிருந்து கேன் தண்ணீர்ப் பருப்புவரை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

இருளம்மாள் குடத்தைப் பார்க்கவில்லை, மெழுகுவர்த்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ ஊத்துனதா?"

"ஆமா மதினி."

"பொகையல" என்றாள். மூன்று வருஷத்தில் அவள் வாயிலிருந்து சோணையம்மாளுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அதுதான். பிறகு, "வெளக்கு வச்சாச்சு. வெளக்கு வச்ச பெறகு இந்த வீட்டுலருந்து உப்பும் வெளிய போகாது, தண்ணியும் போகாது" என்றாள்.

அது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். தர மனமில்லாதவர்கள் சொல்லுகிற சாக்கும் அதுதான். இதில் எது என்று சோணையம்மாளுக்குத் தெரியவில்லை. "அப்பக் காலையில வாரேன் மதினி" என்று திரும்பினாள். காலையில் இந்தத் தைரியம் மிச்சமிருக்காது என்று அவளுக்கே தெரியும்.

"ஏத்தா, நில்லு. வெளிய போகாதுன்னுதானே சொன்னேன்? உள்ள வந்து காய்ச்ச வேணாம்னா சொன்னேன்?"

சோணையம்மாள் வாசலிலேயே நின்று புருஷனுக்குப் போன் செய்தாள். பத்தே நிமிஷத்தில் வீரபத்திரன் எண்ணெய் டின், சோடா, பிளாஸ்டிக் வாளி, தராசு எல்லாவற்றையும் வண்டியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். கூடவே சுவரிலிருந்த அந்தக் குழாயையும் அவள் சொன்னபடி கழற்றி நாலு துண்டாக அறுத்துக் கொண்டுவந்திருந்தான். சோப்பு ஊற்ற அதுதான் அச்சு. எல்லாவற்றையும் இறக்கி வைத்தவன் இரண்டு பெண்களின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வண்டியைத் திருப்பினான்.

"ஏலே, எங்கலே ஓடுற?" என்றாள் அக்காள்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று சொல்லிக்கொண்டே அவன் தெருமுனையைத் தாண்டிவிட்டான்.

முற்றத்தில் வேலை தொடங்கியது. இருளம்மாள் தொட்டி மூடியைத் திறந்து மழைத் தண்ணீரைத் தானே மொண்டு தந்தாள். சோணையம்மாள் அதில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ, தண்ணீர் குபுகுபுவென்று சூடேறி ஆவி பறந்தது.

"அடுப்பில்லாமக் கொதிக்குதே!" என்று இருளம்மாள் இரண்டடி பின்னால் போனாள்.

"தள்ளியே நில்லுங்க மதினி. பட்டா தோல உரிச்சுரும்."

ஆறவிட்டு, எண்ணெயில் ஊற்றி, வேப்பங்கம்பால் கலக்கத் தொடங்கினாள். சோப்புக் கலக்குவது பொறுமை கெட்டவர்களுக்கு ஆகாத வேலை. ஒரே பக்கமாக, நிறுத்தாமல், கை விட்டுப்போகிறவரை சுற்ற வேண்டும். அரை மணி நேரத்தில் சோணையம்மாளின் தோள் கழன்றுவிடும்போல ஆனது. கேட்காமலே இருளம்மாள் வந்து கம்பை வாங்கிக்கொண்டாள். நடுவில் மெழுகுவர்த்தி ஆடாமல் எரிந்தது.

"அன்னைக்கு எங்கையி எரிஞ்சதுத்தா" என்றாள் இருளம்மாள், வாளியைப் பார்த்தபடியே. "காலையிலருந்து மொளகாப்பழம் பறிச்ச கை. நெருப்புல வச்ச மாதிரி எரியுது. கிணத்துத் தண்ணி பட்டா இன்னும் எரியுது. தாங்க மாட்டாமத்தான் ஊருணிப் படியில எறங்குனேன். தப்புத்தான். பத்துக் கூடை அள்ளச் சொன்னீக, அள்ளிப்புட்டேன். அதுல எனக்கு வருத்தமில்ல. 'ஏன் மதினி'ன்னு ஒரு வார்த்த நீ கேக்கலையே. நீயும் மொளகா பறிக்கிறவதானே!"

சோணையம்மாளுக்கு வாய் வரவில்லை. அவள் ஆயுசில் அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. மிளகாய்க் காந்தல் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ராத்திரி முழுக்கக் கையை மோரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தானே அவளும். வெட்கம் பிடுங்கித் தின்றது. "தப்பு எம்மேலதான் மதினி" என்றாள் கடைசியில்.

"ம். இந்தா, எனக்குக் கை வலிக்குது. நீ கலக்கு."

தோசை மாவுப் பதம் வந்ததும், அடிப்பக்கத்தில் பிளாஸ்டிக் தாள் கட்டிய குழாய்த் துண்டுகளை நிறுத்தி வைத்து ஊற்றினார்கள். ஒருத்தி பிடிக்க, ஒருத்தி ஊற்ற. கட்டியில்லாமல், வழவழவென்று இறங்கியது. கடைசிச் சொட்டையும் வழித்து முடித்தபோது கரண்ட் வந்துவிட்டது. சோணையம்மாள் குனிந்து மெழுகுவர்த்தியை ஊதப் போனாள்.

"ஏய், வாயால ஊதாத! வெளக்கு வேற, வத்தி வேறயா?" என்று அதட்டிய இருளம்மாள், விரலை ஈரமாக்கித் திரியைத் தொட்டு அமர்த்தினாள். மிச்சமிருந்த வத்தியைக் கொட்டாங்கச்சியோடு எடுத்து மாடத்தில் வைத்துக்கொண்டாள். திருப்பித் தருகிற எண்ணம் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் உலக்கைக் கட்டையால் தள்ளிப் பார்த்தார்கள். பால் வெள்ளையில் உருண்டையாகச் சோப்பு வெளியே வந்தது. கூரையிலிருந்து ஒரு சொட்டு மழையைக்கூட இறக்காத குழாய், கடைசியில் ஒரு பிரயோசனத்துக்கு வந்தது. அரை விரற்கடை கனத்துக்கு வில்லை போட்டு, இருளம்மாள் வீட்டு உள்ளறையிலேயே ஓலைப்பாயில் பரப்பினார்கள். இருநூற்றுப் பத்து வில்லை.

அது முடிந்ததும் சோணையம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு கூடையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனாள். சித்திரை மாதம் ஆனதால் தண்ணீர் உள்வாங்கி, ஓரத்தில் வண்டல் காய்ந்து கிடந்தது. செருப்பைக் கரைக்கு வெளியே விட்டுவிட்டு இறங்கி ஒரு கூடையை நிரப்பித் தலையில் ஏற்றினாள். தண்ணீருக்கு வந்த பெண்களெல்லாம் குடத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

கூத்தையா ஓடிவந்தார். "என்னத்தா பண்ணுன? யாரும் ஒம்மேல பிராது சொல்லலையே?"

"மூணு வருஷத்துக்கு முந்திப் பண்ணுனதுண்ணே. இப்பத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு."

ஐந்தாவது கூடையைக் கொட்டும்போது இருளம்மாள் குடத்தோடு வந்தாள். பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"போதும்டி. பொண்ணப் பெத்தவ, கல்யாணத்தன்னைக்கு இடுப்பப் பிடிச்சுக்கிட்டு நிக்கப்போற."

"ஒங்களுக்கு யாரும் கொறைக்கலையே மதினி" என்று சொல்லிவிட்டுச் சோணையம்மாள் மறுபடி இறங்கினாள்.

இருளம்மாள் படியில் உட்கார்ந்து சத்தமாக எண்ணத் தொடங்கினாள். ஆறு. ஏழு. எட்டாவது கூடை வந்தபோது, "ஒம்பது" என்றாள்.

"எட்டு" என்றார் கூத்தையா.

"எனக்கு எண்ணத் தெரியாதா? ஒம்பது!"

"எட்டுத்தான் ஆத்தா. ஊருணி விஷயத்துல நான் எங்க அய்யாவுக்கே விட்டுக்கொடுக்க மாட்டேன்."

இருவரும் வாதாடிக்கொண்டிருக்கும்போதே சோணையம்மாள் பத்தையும் முடித்துவிட்டு வந்து, வியர்வை வடிய இருளம்மாளுக்கு அடுத்த படியில் உட்கார்ந்தாள். இருளம்மாள் தன் குடத்தை மொண்டு வந்து அவள் கையில் சரித்தாள். சோணையம்மாள் வாய் வைத்துக் குடித்தாள். கூத்தையாவுக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. குடிக்கத்தானே ஊருணி.

சோப்பை முப்பது நாளைக்குத் தொடக் கூடாது என்று காலிதா டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சோணையம்மாள் தொடவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முதல் நாள் பையில் போட எண்ணியபோது இருநூற்றொன்பதுதான் இருந்தது. எலிதான் இழுத்திருக்கும் என்றாள் இருளம்மாள். சோப்புத் தின்னுகிற எலியா என்று விசாரிக்க அன்றைக்கு யாருக்கு நேரம் இருந்தது?

வைகாசியில் தாலி ஏறியது. முதல் பந்தி முடிந்து, பஞ்சம்மாள் கையை நீட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். கூடவே சிவகங்கைப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். அந்த வாக்கை ஒருத்தியும் மறந்திருக்கவில்லை. சோணையம்மாள் தன் கையாலேயே ஒரு வாளித் தண்ணீர் இறைத்து வைத்தாள். வெள்ளை வில்லை ஒன்றை எடுத்து நீட்டினாள். ஒரு தடவைகூடத் தேய்த்துப் பார்க்காத சோப்பு.

பஞ்சம்மாள் தேய்த்தாள். முதலில் ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்றில் விரலிடுக்கில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. மூன்றாவது சுற்றில் நுரை பொங்கி மணிக்கட்டைத் தாண்டி வழிந்தது.

"அட! நெசமாவே நொரைக்குதே!" என்று அவள் முழங்கைவரை தேய்த்துக்கொண்டாள். பட்டுச்சேலை நனைவதைப் பார்க்கவில்லை. மற்றப் பெண்கள் எனக்கு உனக்கு என்று கையை நீட்டினார்கள். இந்தத் தடவையும் சிரிப்புச் சத்தம் கேட்டது, மணவறைவரை கேட்டது. சேதுலட்சுமி தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். சோணையம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அத்தனை சந்தோஷம்.

"எனக்குப் பத்து நாளைக்கு முந்தியே தெரியும்" என்று பின்னாலிருந்து இருளம்மாளின் குரல் காதோரம் கேட்டது.

"மதினி! அப்ப அந்த எலி..."

இருளம்மாள் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். பெண்ணின் அத்தை என்ற உரிமையில் தாம்பூலப் பையெல்லாம் அவள் கையில்தான் இருந்தது. ஒவ்வொரு பையாகக் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் ஒரே பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நாங்க ரெண்டு பேரும் எங்க வீட்டு மழைத் தண்ணியில காய்ச்சுனது. எந்தத் தண்ணியிலயும் போட்டுக் குளிங்க. எங்க ஊரு ஊருணிப் பக்கம் மட்டும் கொண்டு போயிராதீக. பத்துக் கூடை மண்ணு சொமக்கணும். இந்தா, எனக்கும் தெரியும், எங்க சோணைக்கும் தெரியும்."